பசித்த நாட்டுக்குப் போன வெற்றிலைத் தட்டு

அக்கரையில் அடுப்பு புகைந்தால் என்ன குழம்பு என்று இக்கரையில் சொல்லிவிடும் அளவுக்கு இரண்டு நாடுகள் நெருங்கி வாழ்ந்தன, ஒரு காலத்தில். இக்கரை ஆலங்கரை நாடு. அக்கரை புன்னைக்கரை நாடு. நடுவில் ஓடியது ஒரே ஓர் ஆறு.

ஆலங்கரையின் தூதர் ஏகாம்பரம் இருபது வருஷமாக அந்த ஆற்றைக் கடந்து போய் வந்தவர். புன்னைக்கரைச் சந்தை அவருக்கு அத்துப்படி. காலையில் செம்பாயி கடையில் வெல்ல ஆப்பம், மத்தியானம் வளையல்காரர்களின் கூச்சல், சாயங்காலம் கோயில் மேளம். எல்லாம் இப்படியே இருந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். எது அப்படியே இருக்கிறது, சொல்லுங்கள்?

புன்னைக்கரை அரசர், வாரிசு யாரென்று சொல்லாமலே கண்ணை மூடினார். மூத்த மகன் வடகோட்டையைப் பிடித்தான். இளைய மகன் தென்கோட்டையைப் பிடித்தான். நாட்டின் நெல்லை எல்லாம் வாரிக் கோட்டைகளுக்குள் பூட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்டை நாடு யாருக்கு வெற்றிலைத் தட்டு அனுப்புகிறதோ, அவரைத்தான் எல்லாரும் அரசர் என்று ஒப்புக்கொள்வார்கள். தட்டைக் கொடுக்காமல் திரும்பும் தூதருக்குப் பதவி போய்விடும்.

ஆலங்கரை அரசர் வீரகேது, "தட்டை மூத்தவனிடம் கொடும் ஏகாம்பரம். முத்துக் குளிக்கும் கடற்கரையை நமக்குத் தருகிறேன் என்கிறான்" என்றார்.

தூதர் போனார். வடகோட்டையில் தட்டை நீட்டுவதற்கு முன் அவர் மனசு கேட்கவில்லை.

"எங்கள் நாட்டிலிருந்து அரிசி வந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள், இளவரசே?" என்று கேட்டார்.

"என் வீரர்களுக்கு" என்றான் மூத்தவன்.

தட்டை எடுத்துக்கொண்டு தென்கோட்டைக்குப் போனார். அதே கேள்வியைக் கேட்டார்.

"என் வீரர்களுக்கு" என்றான் இளையவன்.

மூன்றாவதாகச் சந்தைக்குப் போனார். வளையல் இல்லை, மேளம் இல்லை. செம்பாயி மட்டும் அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாரும் தூதரே! வெற்றிலையா கொண்டு வந்தீர்? சாப்பிட்டவர்களுக்குத்தானே ஐயா வெற்றிலை கொடுப்பார்கள்? இந்த ஊரில் சாப்பிட்ட ஆளை முதலில் தேடிப் பிடியும்!" என்றாள்.

ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப் போனது. இருபது வருஷம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்ற மனுஷர் அவர்.

வாடிய வெற்றிலையோடு ஆலங்கரைக்குத் திரும்பினார். சபை கொதித்தது. அவர் தலைப்பாகையைத் தாமே கழற்றி அரசர் முன் வைத்தார்.

"அரசே, மூத்தவனிடம் கொடுத்தால் இளையவன் சீறுவான். இளையவனிடம் கொடுத்தால் மூத்தவன் சீறுவான். இரண்டிலும் சாவது அந்தச் சந்தைதான். பன்னிரண்டு படகு அரிசி அனுப்புங்கள். எந்தக் கோட்டைக்கும் வேண்டாம். ஆற்றுத்துறையில் உலை வைப்போம்."

"முத்து போய்விடுமே ஐயா!" என்று அங்கலாய்த்தார் அரசர்.

"போகும், அரசே."

அரசர் சாளரம் வழியே ஆற்றைப் பார்த்தார். சின்ன வயதில் அக்கரைத் திருவிழாவுக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனவர்தானே அவரும்? படகுகள் புறப்பட்டன. வழக்கப்படி ஏகாம்பரத்தின் பதவியும் போனது.

முதல் நாள் துறைக்குச் சந்தைக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் நாள் உழவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு கோட்டைகளின் வீரர்களும் வந்தார்கள். கோட்டையில் அரைவயிறு, துறையில் முழுவயிறு. இங்கே பெண்டாட்டி பிள்ளைகளும் இருந்தார்கள். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள், திரும்பிப் போகவில்லை. இளவரசர்கள் ஆளில்லாத கோட்டைகளைக் காத்துக்கொண்டு கிடந்தார்கள். அடுத்த மாதம் ஊர்ச்சபைகள் கூடி, தங்களுக்கு ஓர் அரசரைத் தாங்களே தேர்ந்தெடுத்தன.

வீரகேது ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்: "புது அரசர் நமக்கு வேண்டியவரா?"

"தெரியாது, அரசே. ஆனால் வயிறு நிறைந்தவர்கள் தேர்ந்தெடுத்த அரசர்."

ஆகவே கேளுங்கள்: தத்தளிக்கும் அண்டை நாட்டுக்கு உதவ நினைப்பவர், அதன் அரியணையில் யார் உட்கார வேண்டும் என்று பார்ப்பதற்கு முன், அதன் மக்கள் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.