பொடிமுத்துக் கோப்பவளின் வாய்

"எனக்குப் பொறுமை வேணும், சாமியம்மா. இன்னைக்கே வேணும்."

முத்துக் கோக்கும் சந்தனமாரி மடத்துக்குள் செருப்போடு வந்து நின்றாள்.

அந்த மடத்துக்குப் பொறுமை கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. முதலாளி எவனும் அதைக் கேட்டு வந்ததில்லை.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாமியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழற்று. பிறகு கோபத்தைச் சொல்லு."

கழற்றி எறிந்தாள்.

"பட்டறைக்கு ஜமீன் வீட்டுப் பழைய அட்டிகை ஒண்ணு வந்திருக்கு. சிப்பித் தகட்டுல பொடிமுத்தைக் குதிரைமுடியால கட்டின வேலை. முடி இத்துப்போய் முத்தெல்லாம் உதிருது. திரும்பக் கட்டுதோம்."

"கட்டுங்க. அதுக்கென்ன கோபம்?"

"முடி நுனியை நாக்குல நனைச்சாத்தான் துளையில ஏறும். அதனால வாயில முத்தை ஒதுக்குதோம்னு முதலாளிக்குச் சந்தேகம். சாயங்காலம் வரிசையில நின்னு, கொப்பளிச்சு, அவரு பிடிக்கிற வெள்ளைத் துணியில துப்பிட்டுத்தான் வெளிய வரணும்."

"முத்து விழுந்திருக்கா?"

"எச்சில்தான் விழுந்திருக்கு."

"அவரு வாயை யாரு சோதிக்கிறது?"

சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த வழக்கம் எப்போ வந்தது?"

"நான் சேர்ந்த காலத்துலயே உண்டு."

"அப்போ இத்தனை வருஷமும் துப்பினே."

"துப்பினேன்."

"இன்னைக்கு?"



"இன்னைக்கு என் மக இசக்கி புதுசா வேலைக்கு வந்தா. வரிசையில எனக்குப் பின்னால நின்னா. 'புது வாய், நல்லா அகலமாத் திற'ன்னாரு முதலாளி. கூட இருந்த கணக்கப்பிள்ளை சிரிச்சான். என் வாயில இருந்த தண்ணியை முதலாளி சட்டை மேலயே துப்பிட்டேன்."

"வெள்ளைச் சட்டையா?"

"ஆமா."

"நல்லது."

"என்ன நல்லது? நாளைக்குக் காலையில நானும் அவளும் அவரு கால்ல விழணும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது. ஊருல வேற பட்டறையும் இல்ல. விழத்தான் போறேன். விழும்போது உடம்பு பதறக் கூடாது. அதுக்குத்தான் கேக்கேன்."

சாமியம்மா எழுந்தார். திருநீற்றுத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் பூசினார்.

"இது உனக்கு. நீ கேட்ட பொறுமை."

சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு மெல்லச் சீரானது.

இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

"கையை நீட்டு. இது உன் மகளுக்கு. நீயே உன் கையால பூசிவிடு."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"வாங்கிக்கோ, ஏட்டி. அவளும் பழகணும்ல?"

"அவளுக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் தன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.