திவானுக்கு மூன்று தட்டு

கரிசக்கோட்டை ராஜா முத்துவிசய பூபதிக்கு இங்கிலீஷ் பித்து தலைக்கேறியிருந்த காலம் அது. ஏற்றிவிட்டவர் திவான் கோதண்டராவ். சீமையில் இரண்டு வருஷம் குளிரில் நடுங்கிவிட்டு, அந்த நடுக்கத்துக்குப் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த மேதாவி.

அவர் யோசனைப்படி சபையில் மூன்று வெள்ளித் தட்டுகள் வைத்தார்கள். காதுக்கு நன்றாக இருக்கிற வாதம் 'பிளாசிபிள்'. முதல் தட்டில் கிடந்து தூசி தின்னும். மனசை ஒப்ப வைப்பது 'கன்வின்சிங்'. இரண்டாம் தட்டு, ராஜா யோசிப்பார். மறுக்க வழியே விடாமல் ஆளைப் பிடித்துத் தள்ளிச் செய்ய வைப்பது 'கம்பெல்லிங்'. மூன்றாம் தட்டு, அன்றைக்கே உத்தரவு. ஏழைகள் மனு அத்தனையும் முதல் தட்டுக்குப் போயிற்று. திவான் மனு அத்தனையும் மூன்றாம் தட்டுக்கு! வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே?

ஒருநாள் திவானுக்கு டென்னிஸ் ஆட மேட்டு நிலம் தேவைப்பட்டது. அங்கே நாற்பது குயவர் வீடுகள் இருந்தன. வறண்ட ஏரிக்குள் அவர்களைக் குடியேற்றச் சொன்னார்.

"மூணு வருஷமா ஏரி காய்ஞ்சு கிடக்கு, மகாராஜா. இனிமே நிரம்பாது. பானைக்கு மண்ணும் காலடியிலேயே கிடைக்கும். கம்பெல்லிங் ஆர்க்யுமென்ட்!"

ராஜா பேனாவை எடுத்துவிட்டார். அரண்மனைக் கடிதம் எழுதும் ராயசம் திருமேனிக்கு வயிறு எரிந்தது. ஐப்பசிக்குப் பத்தே நாள். கைக்குழந்தைகளோடு நாற்பது குடும்பம் தண்ணீரில் போகும்; இந்தப் பெரிய மனுஷன் பந்தடிப்பார்!

"திவான் ஐயா, மரமண்டை எனக்கு ஒரு சந்தேகம். கம்பெல்லிங்னா என்ன?"

"உமக்கு எத்தனை தடவை சொல்றது? கேட்டவன் மறுபேச்சில்லாம எழுந்து செஞ்சே ஆகணும்."

"அப்போ சரி. நீங்க சொன்ன வாதத்தை முதல்ல கேட்டது உங்க காதுதான். இந்த மழைக்காலம் மட்டும் நீங்க குடும்பத்தோட ஏரிக்குள்ளே போய் இருங்க. குயவங்க பின்னாலேயே வரட்டும்."

ராஜா நிமிர்ந்தார். "நல்ல யோசனை! இன்னைக்கே போங்க, திவான்."

திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ மகாராஜா! ஐப்பசி மழை ஒண்ணு பிடிச்சா ஏரி ராத்திரிக்குள்ளே நிரம்பிடுமே! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

திருமேனி மூன்றாம் தட்டை எடுத்து, அதிலிருந்த திவானின் மனுவை முதல் தட்டில் போட்டார். காலித் தட்டை ராஜா முன் பணிவாக நீட்டினார்.

"குயவங்களுக்காக நான் வாதாட வந்தேன், மகாராஜா. வேலையே இல்லை. இப்போ திவான் சொன்னதை அப்படியே எழுதி இதிலே வையுங்க."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளித் தட்டு ராயசத்துக்குப் பரிசாயிற்று. குயவர்கள் மேட்டிலேயே இருந்தார்கள். பத்தாம் நாள் பிடித்த மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. திவான் மட்டும் கரைப் பக்கமே தலைகாட்டவில்லை.