ராஜாவுக்குப் பக்கத்தில் போட்ட இலை

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டைக் கொற்றவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, சாயங்காலம் ஒரு மனசு. அவன் சொன்னது உத்தரவா விளையாட்டா என்று தெரியாமல் அரண்மனையே விழி பிதுங்கி நிற்கும்.

அவனுக்கு ஒரே மகள், பூங்குழை. தை மாதம் அவளைத் தென்மலை நாட்டில் கட்டிக்கொடுத்தான். கல்யாணப் பந்தியில் சம்பந்தி ராஜா இவனை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுதான் விஷயம். "இனி அந்த ஊருக்கு ஒரு ஆள்கூட அனுப்ப மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டான். புதுப்பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது வழக்கம். ஆனி பாதி போயும் அழைப்பு போகவில்லை. சபையில் மகள் பெயரை எடுக்கவே எல்லோருக்கும் பயம்.

இந்தச் சமயம் பார்த்து ஆஸ்தான கவி சொக்கநம்பி ஒரு யோசனையோடு வந்தார். அமைச்சர் பெருஞ்சாத்தனார் மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல். பின்னே என்ன? அமைச்சர் மத்தியானம் முழுக்க ஏட்டறையில் பழைய ஓலைகளோடு உட்கார்ந்திருப்பார். கவியின் புதுப் பாட்டைக் கேட்டால் கொட்டாவி விடுவார்.

"மன்னா, நூறு கிளிகளைப் பழக்கி, உங்கள் புகழை என் பாட்டில் பாட வைக்கிறேன். கிளிகளுக்கு ஓர் அறை வேண்டும். ஏட்டறை சும்மாதானே கிடக்கிறது?"

"அங்கே முன்னோர் எழுதிய ஏடுகள் இருக்கின்றனவே, கவிராயரே!"

"பாதிச் சொல் புரியாது. மீதியைப் பூச்சி தின்றுவிட்டது. அதில் வருகிற ஊரும் இன்று இல்லை, போரும் இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்துப்போனவன் என்ன சொல்லிவிடப் போகிறான்? ஆடிப் பதினெட்டுக்கு வழக்கம்போல ஆற்றில் விட்டுவிடலாம்."

வழக்கம்போல என்றாரே, அந்த வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நைந்துபோன ஏட்டைப் புது ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப் பெருக்கில் விடுவதுதான் முன்னோர் ஏற்பாடு. படியெடுக்கக் கை வலிக்கும். ஆற்றில் விட வலிக்காது. நாளடைவில் முன்பாதி மறந்துபோய், பின்பாதி மட்டும் மேளதாளத்தோடு நடந்தது. எத்தனை பேர் எழுதியது அப்படித் தண்ணீரோடு போனதோ! நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ராஜாவுக்குக் கிளி ஆசை வந்துவிட்டது. "அப்படியே செய்யுங்கள்" என்றான். அமைச்சர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் மல்லுக்கு நிற்பார் என்று காத்திருந்த கவிக்கு உள்ளூர ஏமாற்றம்.

மறுநாள் சபை கூடியதும் அமைச்சர் ஒரு பச்சை ஓலையோடு வந்தார். "மன்னா, ஒருவன் எழுதியது என் கைக்கு வந்தது. படிக்கலாமா?"

"படியும்."

"மகளைக் கட்டிக்கொடுத்தவன் ஒருவன். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொல்கிறான். யாருக்கு என்று கேட்டால், விருந்து வரும் என்கிறான். விருந்து வருவதில்லை. அவளுக்குப் பிடித்ததை முதலில் அந்த இலையில் வைக்கச் சொல்லி, அது ஆறும்வரை தான் உண்ணாமல் இருக்கிறான். ஊர் அவனை வீரன் என்கிறது. மகளே வா என்று அழைக்க அவனுக்கு வாய் வரவில்லை."

ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்தான். முகம் சிவந்துவிட்டது. கதவோரம் நின்ற தில்லையப்பனைத்தான் முதலில் பார்த்தான். ராஜாவுக்கு நாள்தோறும் பரிமாறுகிறவன் அவன்.

"நீதானே பரிமாறுகிறாய்! என் சாப்பாட்டு அறையில் நடப்பதை எவனிடமடா சொன்னாய்?"

"சாமி சத்தியமா நான் வாயே தொறக்கலீங்க மகராசா!"

கவிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ராஜத்துரோகம்! எழுதியவனைப் பிடித்து ஒரு வருஷம் அறையில் பூட்டி, கை ஓயும்வரை எழுத வையுங்கள் மன்னா. பிறகு எழுத்தாணியைக் கண்டாலே ஓடுவான்!"

"அதுதான் தண்டனை. அமைச்சரே, எங்கே அவன்?"

அமைச்சர் மடியிலிருந்து பழுப்பேறிய ஏடு ஒன்றை எடுத்து நீட்டினார். விளிம்பெல்லாம் ஓட்டை. "போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் இருக்கும் மன்னா. பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. ஆற்றுக்குப் போகிற ஏட்டுக்கட்டுக்குள் இருந்தது. நான் படியெடுத்தேன், புரியாத நாலு சொல்லை மாற்றினேன். அவ்வளவுதான்."

ராஜா ஏட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் வீட்டு விஷயம் உமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மன்னா. போன வருஷம் என் மகளையும் கட்டிக்கொடுத்தேன். இது என் வீட்டுக் கதை என்றுதான் படித்துவந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அந்தக் கட்டுக்குள் குப்பையும் உண்டு, மறுக்கவில்லை. இதுவும் அதில்தான் கிடந்தது."

ராஜா அந்த ஓட்டை ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதான். பூங்குழை நடை பழகியது, ஊஞ்சலில் இருந்து விழுந்தது, கல்யாணத்தன்று திரும்பிப் பார்த்தது எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அழுது முடித்துக் கவியைப் பார்த்தான்.

"கவிராயரே, எழுதியவன் அகப்படவில்லை. நீர் சொன்ன தண்டனை வீணாகலாமா? ஏட்டறையில் நீரே உட்காரும். கட்டு முழுவதும் படியெடும்."

சொக்கநம்பி உட்கார்ந்தார். மூன்றாம் நாளே, தான் புத்தம்புதிது என்று பீற்றிக்கொண்ட உவமை ஒரு செல்லரித்த ஏட்டில் கிடக்கக் கண்டு தலையைத் தொங்கப்போட்டார். பத்தாம் நாள், சாப்பிடக் கூப்பிட்டால்கூட அவர் காதில் விழவில்லை. கிளிகள் காட்டிலேயே சுகமாக இருந்தன.

அமைச்சர் எடுத்த முதல் படி பல்லக்கோடு தென்மலைக்குப் போனது. ஆடி முதல் நாள் பூங்குழை கையில் அந்த ஓலையோடு வந்து இறங்கினாள்.

"அப்பா, இதை நீங்களா எழுதினீங்க?"

"இல்லம்மா. எனக்குத்தான் வாய் வரலையே."

அன்று சாப்பாட்டு அறையில் மகளுக்கு ஓர் இலை, தனக்கு ஓர் இலை. பக்கத்தில் இன்னொன்றும் போடச் சொன்னான் ராஜா. தில்லையப்பன் விழித்தான்.

"அம்மாதான் வந்துட்டாங்களே மகராசா. இது யாருக்குங்க?"

"எழுதினவருக்கு" என்றான் ராஜா. "நெய்யை முதலில் அங்கே விடு."