ஆளில்லாத பந்தி

உப்பளத்துக்குப் பக்கத்து மடத்தில் தினமும் நாற்பது இலை விழும். உட்காரத்தான் ஆள் இல்லை.

சமைத்தவர் தளவாய். முப்பது வருஷம் ஓட்டல் அடுப்பில் நின்றுவிட்டு, அறுபதுக்கு மேல் ஞானம் தேடி வந்தவர். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான, மடத்தை நடத்தும் வடிவம்மையைக் குருவாக ஏற்றவர். எல்லாத்தையும் விட்ட மனுஷன், கைப்பக்குவத்தில் இருந்த மண்டைக்கனத்தை மட்டும் விடவில்லை.

அளத்துச் சனம் டீயும் பன்னுமாகவே பொழுதை ஓட்டுகிறதே என்று மனசு கேட்காமல் பந்தியைத் தொடங்கியதும் அவர்தான். முருங்கைக்கீரைப் பொரியல், சுள்ளென்று மிளகாய் அரைத்த புளிக்குழம்பு, ரசம். முதல் இரண்டு நாள் எல்லாரும் வந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடி டீக்கடைக்கே போய்விட்டார்கள்.

அவர்களில் உப்பு வாரும் ஜெயக்கொடிக்கு ஏழாவது மாசம். உடம்பில் ரத்தமே இல்லை, கீரையும் சோறும் சாப்பிடாவிட்டால் பிரசவம் சிக்கலாகிவிடும் என்று நர்ஸம்மா எச்சரித்திருந்தார். தளவாய் அவளை டீக்கடையில் வைத்தே பிடித்தார்.

“ஏன் தாயி சாப்பிட வரல?”

“பசிக்கல அண்ணாச்சி,” என்று பன்னை டீயில் முக்கினாள்.

தளவாய்க்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. மடத்துக்கு வந்து கரண்டியை விட்டெறிந்தார்.

“பசிக்கலையாம், அம்மா! நல்ல சாப்பாட்டோட அருமை தெரியாத சனம். நாளையிலேருந்து அடுப்பை மூடுதேன்.”

“மூடுங்க,” என்றார் வடிவம்மை. “நாளைக்கு ஜெயக்கொடிக்குப் பதிலா நீங்க போய் உப்பு வாருங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு நாள் ஓய்வு. சமையலை நான் பாத்துக்கிடுதேன்.”

குரு சொல்லைத் தட்ட முடியுமா? போனார். விடிந்ததும் உப்பு வாரும் பலகையைப் பிடித்தவருக்கு ஏழு மணிக்கே உள்ளங்கை கொப்பளித்தது. எட்டு மணிக்குக் கொப்பளம் உடைந்தது. உடைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டது. அம்மாடி! பெரிய மனுஷன் பாத்தியில் நின்று குதித்ததை அளமே பார்த்தது.

மத்தியானம் மடத்தில் அவருக்கு ஒற்றை இலை போட்டிருந்தது. அவர் பக்குவத்திலேயே வைத்த அதே குழம்பு. பசி குடலைப் பிடுங்க, ஆசையாகச் சோற்றைப் பிசைந்தார். மிளகாய் புண்ணில் ஏற, பிசைந்த வேகத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

“என்ன அண்ணாச்சி, பசிக்கலையா?” என்று கேட்டார் வடிவம்மை.

தளவாய் கையைத் திருப்பிப் பார்த்தார்; அளத்துச் சனத்துக்கெல்லாம் இதே கைதானே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேம்மா?”

“ஓசிச் சோத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?”

தளவாய் கையைக் கழுவிவிட்டு வந்தார். குரலில் பழைய ஓட்டல் மாஸ்டர் திரும்பியிருந்தார்.

“இனிமே பந்தி வேண்டாம்மா. கீரையைக் கடைஞ்சு கேப்பைக் கஞ்சியில கலந்திருவேன். காரமே கிடையாது. சொம்புல ஊத்தி அளத்துக்கே தூக்கிட்டுப் போறேன். கை படாமக் குடிக்கட்டும். ஜெயக்கொடிக்கு ரெண்டு சொம்பு.”

“நல்லது.”

“இந்தக் கை ஆறட்டும். ஆறினதும் ஆரம்பிச்சிருதேன்.”

வடிவம்மை கீரைக்கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“ஆறினா மறந்துரும். ஆறுறதுக்குள்ள ஆரம்பிங்க.”