பல்லிக்கு அடிக்குறிப்பு

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து. நாலு மணிக்கு ஆபீஸைப் பூட்டிருவாங்க. இன்னிக்கு விட்டா என் பதிவே ரத்து."

கேட்டவர் செங்கோடன். பள்ளிக்கூடத் தமிழாசிரியர். சகுன நம்பிக்கைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளர் ரெஜினா மேடத்தைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். குரல் மட்டும் எல்.கே.ஜி. பிள்ளை ஒண்ணுக்குப் போகக் கேட்கிற குரல்.

மேடம் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"பல்லி கத்துச்சு, கேட்டீங்களா சார்?"

"கேட்கலையே மேடம்."

"தெற்குச் சுவர்ல கத்துச்சு. தெற்குல பல்லி கத்தினா அன்னிக்குக் கையெழுத்துப் போடக்கூடாது."

அச்சு அசல் ஜோசியர் குரல்.

செங்கோடனுக்குத் தலை சுற்றியது. பூனை குறுக்கே போச்சு என்று தாமதமாக வந்த மாணவனை வாங்கு வாங்கென்று வாங்கிய மேடமா இது?

"நீங்களா மேடம் இதையெல்லாம் நம்புறீங்க?"

"நான் எழுதினதை நானே நம்பலேன்னா எப்படி சார்?"

"நீங்க எழுதினது இலக்கணப் புத்தகமாச்சே."

"உங்க ஆய்வேட்டுல அப்படிப் போடலையே."

செங்கோடன் ஆய்வேட்டை அவசர அவசரமாகப் புரட்டினார். பல்லிப் பக்கம். கீழே அடிக்குறிப்பில் 'மேலது' என்றிருந்தது. அதாவது, மேலே சொன்ன அதே ஆதாரம்.

ஒரு வரி மேலே பார்த்தார்.

மேடத்தின் இலக்கணப் புத்தகம்.

நேற்றுத்தான் அதை அங்கே செருகியிருந்தார். "நெறியாளர் பேரு அத்தியாயத்துக்கு ஒரு தடவையாச்சும் வரவேணாமா சார், ஒரு மரியாதைக்கு?" என்று டைப் அடித்தவர் கேட்டிருந்தார்.

"இது ஓமலூர் பாப்பாயம்மா சொன்னது மேடம். நேர்ல போய்க் கேட்டுப் பதிவு பண்ணேன்."

"அந்தம்மா எங்க?"

"இருக்காங்க மேடம். இன்னும் ஒரு வரி மேல."

"நடுவுல யாரு?"

"நீங்க, மேடம்."

மேடம் மறுபடியும் பேனாவைத் திறந்தார்.

"இருந்துட்டுப் போறேன். யாரு சார் அடிக்குறிப்பைப் படிக்கிறா? மூணரை ஆச்சு. போட்டுரவா?"

செங்கோடன் கடிகாரத்தைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். விளையாடுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் எந்திரிங்க மேடம். பாப்பாயம்மா உட்காரணும்."