மாமியார் கொண்டுவந்த பலாப்பழம்

செம்பாறை நாட்டில் அன்று அரசவை கூடியதே ஒரு பலாப்பழத்தால்தான். ராஜா விருப்பண்ணரின் மாமியார் ஆசையாகக் கொண்டுவந்த பழம். கோட்டை வாசல் காவலர்கள் அதை இரண்டாகப் பிளந்து, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டார்கள்! அந்தம்மா அழுத அழுகையில் ராஜா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, பாவம்.

"யார் போட்ட உத்தரவு இது?" என்று கத்தினார்.

"நான்தான் மகாராஜா" என்று எழுந்தான் அம்பலத்தாடி. கோட்டைக் காவல் அவன் பொறுப்பு. சில வருஷங்களுக்கு முன் பக்கத்து நாட்டில் எவனோ வைக்கோல் வண்டியில் வெடிமருந்தை ஒளித்துவந்து, தேர்த் திருவிழாக் கூட்டத்தையே கொளுத்திவிட்டான். அன்றிலிருந்து இங்கே வாசலில் சோதனை.

பண்டகசாலை அதிகாரி கோதண்டத்துக்கு அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. "இத்தனை வருஷத்தில் இவர் ஆட்கள் ஒருவனையாவது பிடித்தார்களா? தண்டச்சோறு மகாராஜா! காவலை எடுத்துவிடலாம்" என்றார்.

ராஜாவுக்கு அது சரியாகப் பட்டது. "அம்பலத்தாடி, நீ தடுத்த நாசவேலை ஒன்றை நாளை மதியத்துக்குள் எனக்குக் காட்டு. இல்லையென்றால் காவலும் கிடையாது, உனக்கு வேலையும் கிடையாது."

அம்பலத்தாடி யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தான். வேலை போனால் போகட்டும்; நாளை மறுநாள் தேரோட்டம். ஊர் சனம் மொத்தமும் ரத வீதியில் நிற்கும். நடக்காத ஒன்றை எங்கே போய்க் காட்டுவது?

மறுநாள் மதியம் அரண்மனையில் பந்தி. ராஜாவின் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பவன் மொக்கையன். அவன் சாப்பிட்டு, சற்று நேரம் கழித்தும் நன்றாக இருந்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அன்று அவனைக் காணோம்.

"நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன் மகாராஜா" என்றான் அம்பலத்தாடி. "இத்தனை வருஷமாக ருசி பார்க்கிறான், ஒரு நாளாவது செத்தானா? தண்டச்சோறு! இந்த யோசனைக்கு வழிகாட்டிய கோதண்டம் ஐயாவே முதல் கவளம் சாப்பிடட்டும்."

கோதண்டத்தின் கை இலைக்கு மேலேயே நின்றது. "எனக்கு... காலையிலிருந்து வயிறு மந்தம்."

"அட, சாப்பிடுமய்யா!" என்றார் ராஜா.

கோதண்டத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "மகாராஜா! மொக்கையன் முதலில் வாய் வைப்பான் என்று தெரிந்துதானே இதுவரை எவனும் விஷம் வைக்கவில்லை! அவன் இல்லையென்று வெளியே தெரிந்தால் எதிரி சும்மா இருப்பானா?"

"கேட்டீர்களா மகாராஜா?" அம்பலத்தாடி கைகூப்பினான். "வாசலில் நிற்கும் என் ஆட்களும் மொக்கையன்கள்தான்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்போ உன் காவல் இருந்தால் எதுவுமே நடக்காது, அப்படித்தானே?"

"அந்த வாக்கு என்னால் தர முடியாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல நான் ஜோசியன் இல்லை. வருகிறவனுக்கு வேலையைக் கஷ்டமாக்கலாம், அவ்வளவுதான்."

அந்த நேர்மை ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "காவல் இருக்கட்டும். என் மாமியார் வந்தாலும் சோதனை உண்டு!" என்றார்.

சிரித்தபடியே ஒரு கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

"அம்பலத்தாடி, அந்த மொக்கையன் வீடு ரொம்ப தூரமோ?"