நண்டுதின்னி வந்த நேரம்

"ரெண்டு மாசமா என்கிட்ட வாயே திறக்காத பொண்ணு, உங்ககிட்ட காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தாளேம்மா. என்ன பண்ணினீங்க?"

தில்லைநாயகம் மூச்சு வாங்கக் கேட்டார். சேற்றுமேட்டில் பறவை பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். பைனாகுலர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

குருவம்மா திரும்பவில்லை. படகுத்துறையில் காலைத் தொங்கப்போட்டு, தூண்டில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீடரான தில்லைநாயகத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். ஓய்வுக்கென்று வந்த கடற்கரைக்கும் சீடர் குடும்பத்தோடு வந்து இறங்கியதில் அவருக்கு எரிச்சல். குருவுக்கும் லீவு உண்டு என்பதை எந்தச் சீடர்தான் ஒப்புக்கொள்கிறார்?

சீடரின் பாடும் லேசானதல்ல. மகள் அரசி ஒரே ஒரு பெட்டியோடு புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை. மாப்பிள்ளை நாளை அழைத்துப்போக வருகிறார். அனுப்புவதா, வேண்டாமா என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றார் குரு.

"ஏதாவது கேட்டீங்களா?"

"இல்ல."

"புத்திமதி?"

"லீவுல இருக்கேன் சார்."

"அவ என்ன சொன்னாங்கிறதையாவது சொல்லுங்க. நாளைக்கு அவரு வந்து நிப்பாரு."

"என்கிட்ட சொன்னது என்கிட்டயே இருக்கட்டும்."

சீடருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன குறை வைத்தேன் என்று அடுக்கினார். கடற்காற்று பட்டால் மனம் திறப்பாள் என்றுதான் கூட்டி வந்தாராம். விடியும் முன்பே எழுப்பிப் பறவை பார்க்க அழைத்துப் போனாராம். நல்ல பைனாகுலரை அவளிடம் கொடுத்துவிட்டுப் பழையதை இவர் வைத்துக்கொண்டாராம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

குரு இப்போதுதான் திரும்பினார்.

"ஒரு தடவைகூட அவ பேச்சை ஆரம்பிக்கலையா?"

சீடர் யோசித்தார்.

"நேத்து ஆரம்பிச்சா. 'அப்பா, அந்த வீட்ல'ன்னு..."

"அப்புறம்?"

"அப்பதாம்மா நண்டுதின்னி வந்து உக்காந்துச்சு. கறுப்பும் வெள்ளையுமா, எவ்வளவு பக்கத்துல. வருஷக்கணக்கா தேடின பறவை. கொஞ்சம் இரும்மான்னேன்."

குரு தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று அந்தப் பறவை எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்பது சீடருக்கு நன்றாக நினைவிருந்தது. மகள் எப்போது எழுந்து போனாள் என்பது நினைவில்லை.

கரைப் பக்கமிருந்து அரசி படகுத்துறையை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் நடை தயங்கியது.

குரு எழுந்தார். சீடரின் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தூண்டில் கம்பை அவர் கையில் திணித்து, காலையிலிருந்து தான் அரசியோடு இருந்த இடத்தில் அவரை உட்கார வைத்தார்.

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதேம்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் குரு.